அலமாரியில் ஐந்து கேமரா

ரயில்வே குமாஸ்தா, வங்கி அதிகாரி, கல்லூரிப் பேராசிரியர் என்று குடும்பத்துக்கு ஒரு போட்டோ பைத்தியம் இருந்த காலம் உண்டு. தங்கள் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லார் கல்யாணத்திலும் படமெடுத்தவர்கள் இவர்கள். இன்று 70 வயதைத் தாண்டிவிட்ட அவர்களில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும், அது திருச்சியில் இருந்தாலும் தில்லி கரோல்பாகில் இருந்தாலும், உள்ளே ஏறக்குறைய ஒரே வரிசைதான் இருக்கும்.

முதலில் ஆக்ஃபா கிளிக் III. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த கறுப்புப் பெட்டி. ஒற்றை லென்ஸ், ஒரே ஷட்டர் வேகம். வெயிலுக்கு ஒரு குறி, மேகமூட்டத்துக்கு ஒரு குறி. 120 ரோலைச் சுருட்டி மாட்டி, முதுகுப்பக்கம் இருக்கும் சிவப்புத் துளையில் அடுத்த எண் தெரியும்வரை திருகவேண்டும். ஒரு ரோலுக்கு 12 படம், அவ்வளவுதான். பொங்கலுக்கு மாட்டிய ரோல் தீபாவளிக்குத்தான் முடியும். அதனால் யாரை எடுப்பது என்பது ஒரு குடும்பப் பிரச்னை. பாட்டிக்கு ஒன்று, புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்று, மொட்டை அடித்த குழந்தை ஒன்று. அத்தைக்கு எடுக்கவில்லை என்று பத்து வருஷம் பேச்சு இருக்கும். ஸ்டுடியோவில் கழுவி வாங்கி வந்தால் உள்ளங்கையில் அடங்கும் சதுரப் படங்கள். அவற்றை முக்கோண மூலைகளில் செருகி, கறுப்புக் காகித ஆல்பத்தில் ஒட்டிவைத்தார்கள்.

அடுத்தது வெளிநாட்டுச் சரக்கு. சுங்கத் தீர்வை கொள்ளையாக இருந்த நாட்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தால் உண்டு. இல்லையென்றால் சென்னை பர்மா பஜார், கல்கத்தா மெட்ரோ சந்து. ஜப்பானின் யாஷிகா எலெக்ட்ரோ 35 (1966ல் வெளிவந்தது) பலருடைய கனவு. வெளிச்சம் அதிகமானால் சிவப்பு விளக்கும், குறைந்தால் மஞ்சள் விளக்கும் எரியும் அந்தக் கேமரா, யோசிக்கும் வேலையில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டது. 12 படம் 36 ஆனது. ஃபிலிமை மாட்டுவதில் கெட்டிக்காரராக இருந்தால் 38.

1980களில் ஃபோட்டோஃபோனின் ஹாட் ஷாட், 90களில் கோடக் கே.பி.10 என்று வந்த பிளாஸ்டிக் கேமராக்களை நம் அமெச்சூர் மதிக்கவில்லை. அவற்றை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு, சேமித்த பணத்தில் பென்டாக்ஸ் கே1000 அல்லது நிக்கான் எஃப்எம்10 வாங்கினார். லென்ஸைக் கழற்றி மாட்டலாம். கழுத்தில் தொங்கினால் பத்திரிகைக்காரர் என்று நினைத்து போலீஸ்காரர் வழிவிடுவார். படத்தில் மனிதர்கள் குறைந்து சூரிய அஸ்தமனம் அதிகமானதும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்த ஏணியில் ஏறித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் எம். கிருஷ்ணன் (1912-1996) ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று ஒட்டுப்போட்டுத் தானே ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்தார். காட்டு யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்கு இன்றும் தனி மரியாதை உண்டு. ஆனால் கிருஷ்ணன்கள் அபூர்வம். மற்றவர்கள் படம் சரியாக வராததற்கு லென்ஸைக் குறைசொல்லி அடுத்த கேமராவைத் தேடினார்கள்.

2004 வாக்கில் டிஜிட்டல் எஸ்எல்ஆர் மத்தியதர வர்க்கத்துக்கு எட்டும் தூரத்தில் வந்தது. ஒரு மாலையில் 300 படம். பிறகு செல்போன், அதோடு கணக்கே போய்விட்டது. உதகமண்டலத்தில் 1960ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த நிறுவனம், இழுத்துப் பறித்துக்கொண்டிருந்துவிட்டு மூடப்பட்டது. 2012ல் கோடக்கே திவால் மனு கொடுத்தது.

இப்போது அந்த அலமாரி மகன் கைக்கு வருகிறது. அவர் செய்வது பெரும்பாலும் இதுதான்: கேமராக்களைத் துடைத்து வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார். பரணில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் நெகட்டிவ்களைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்.

இது தலைகீழ். கிளிக் III ஆயிரக்கணக்கில் விற்றது, இன்னும் கிடைக்கிறது. 1968ல் மாயவரத்தில் ஒரு வீட்டுத் திண்ணை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு நெகட்டிவ்தான் இருக்கும். தலைவர்களையும் விழாக்களையும் பத்திரிகைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். ஸ்டுடியோக்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களையாவது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடி டிஜிட்டல் செய்திருக்கிறது. ஆனால் கிணற்றடி, கூடத்து ஊஞ்சல், பொங்கலன்று அடுப்படியில் அம்மா இதையெல்லாம் எடுத்தவர் அந்த வீட்டுப் பைத்தியம் மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், வரிசையில் மிக மலிவான கேமராதான் மிகப் பெரிய நெகட்டிவை விட்டுப்போயிருக்கிறது. கிளிக்கின் சதுரச் சட்டம் 35 மி.மீ. சட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்புள்ளது. லென்ஸ் சுமார்தான்; ஓரங்கள் மங்கும். ஆனாலும் உள்ளங்கைப் படத்தில் புள்ளியாகத் தெரிந்த முகத்தை நெகட்டிவிலிருந்து பெரிதாக்கினால், அது யார் என்று அடையாளம் சொல்லிவிடலாம். இதற்கு நேர்மாறாக, 2005ல் பெங்களூரில் நடந்த கிருகப்பிரவேசத்தின் 300 படங்களும் திறக்க மறுக்கும் ஒரு சிடியில் கிடக்கின்றன.

நெகட்டிவ்களுக்கு நம் ஊர்ச் சூழல் எமன். ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். பழைய ஃபிலிம்களின் அடிப்பொருளான அசிடேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அமிலத்தைக் கக்கும், சுருங்கி நெளியும், மூடிய டப்பாவுக்குள் பக்கத்து ரோலையும் கெடுக்கும். பரண் இதற்கு மிக மோசமான இடம். உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரித் தட்டு, பிளாஸ்டிக் உறைக்குப் பதில் நல்ல காகித உறை, எந்த ஊர், எந்த வருஷம் என்று உறைமேல் பென்சிலில் ஒரு வரி. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. அந்த ஒரு வரியை எழுத, எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது முக்கியம்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு செல்போன் திரையை வெள்ளையாக எரியவிட்டு, நெகட்டிவைச் சற்று உயர்த்திப் பிடித்து, இன்னொரு செல்போனால் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும், அடையாளம் காணும் அளவுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்ததும் எந்த ரோலிலிருந்து வினிகர் வாடை வருகிறதோ, அதை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.