வீட்டோடு வந்த வாடகைதாரர், வீடு முழுக்க சாமான்: என்ன செய்யலாம்?

அப்பா காலத்து வீடு உங்கள் பெயருக்கு மாறுகிறது. கூடவே, 20 வருஷமாகக் குடியிருக்கும் வாடகைதாரரும் வருகிறார். வாடகை பாக்கி இல்லை, தகராறு இல்லை. ஆனால் உள்ளே போனால் நடக்க இடமில்லை. கூரை வரை பழைய பேப்பர், உடைந்த மிக்ஸி, அட்டைப் பெட்டிகள். 'காலி பண்ணச் சொல்லிடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்படாதீங்க.

ஓனர் மாறினால் ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

முடியாது. வாரிசாக வந்தாலும் விலைக்கு வாங்கினாலும், பழைய உரிமையாளரின் உரிமைகளோடு பொறுப்புகளும் உங்களுக்கு வந்துவிடும். எல்லாம் வாய்வார்த்தையாகவே ஓடியிருந்தால், முதல் வேலை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

சாமான் சேர்ப்பது தப்பா?

சாமான் அதிகம் என்பது மட்டுமே வெளியேற்றக் காரணமாகாது. கட்டடத்துக்குச் சேதம், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று வந்து, நோட்டீஸ் கொடுத்தும் அது தொடர்ந்தால்தான் 'தவறான பயன்பாடு' என்று வாடகை நீதிமன்றத்தை நாட முடியும்.

அதனால் 'வீடு குப்பையா இருக்கு' என்று பேச்சைத் தொடங்காதீர்கள். உங்களுக்குக் குப்பை, அவருக்கு அது பொருள். ஆபத்தைச் சுட்டிக்காட்டுங்கள்: அடுப்புப் பக்கத்தில் பேப்பர் கட்டு, மறைந்துபோன மீட்டர் பாக்ஸ், அடைபட்ட வாசல், சுவரில் கரையான், பால்கனியில் தண்ணீர் தேங்கும் டயர். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். தேதியோடு போட்டோ எடுங்கள். 'அடுப்பைச் சுற்றி 3 அடி காலி, வாசல் வரை வழி, 2 வாரம்' என அளந்து எழுதிக் கொடுங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

செய்யவே கூடாதவை

அவர் ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது போலீஸ் புகார் வரை போகும். தண்ணீர், கரன்ட்டை நிறுத்துவதையும் சட்டம் தடுக்கிறது.

சோம்பேறித்தனம் இல்லை

எதையும் தூக்கிப்போட முடியாத அளவுக்குச் சேர்ப்பது ஒரு மனநலப் பாதிப்பாகவும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் இதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. இப்படிப்பட்டவரின் வீட்டை வலுக்கட்டாயமாகக் காலி செய்தால், அவர் உடைந்துபோவார், குவியலும் திரும்ப வளரும். மகனோ மகளோ இருந்தால் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐயும் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வழிக்கு வராவிட்டால், கையில் இருக்கும் நோட்டீஸும் போட்டோவும் பேசும். ஆனால் பெரும்பாலும் ஓனருக்கு வேண்டியது காலி வீடு அல்ல, தீப்பிடிக்காத வீடு. அதற்கு ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்த வேண்டியதில்லை.