நந்தினியை யாரும் கெடுக்கலைங்க!

பொன்னியின் செல்வனை வெச்சு ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதறவங்களை நம்ம பதிவர்கள் சிலர் ஓட்டற ஓட்டு தாங்கலை. 2022லயும் 2023லயும் மணிரத்னம் படம் வந்ததுக்கு அப்புறம் ரொம்பவே ஜாஸ்தி. "ஐஸ்வர்யா ராயைப் பாத்துட்டு பேனா எடுத்தவங்க", "லவ் ஃபெயிலியர் கேஸுங்க", "கல்கியைக் கெடுக்கறாங்க"... மக்களே, நிஜமாவே இவ்ளோதானா?

அவங்க திரும்பத் திரும்ப எடுக்கற ஆட்களைப் பாருங்க. நந்தினி - ஆதித்த கரிகாலன். அருள்மொழியை நினைச்சுட்டு சேந்தன் அமுதனைக் கட்டிக்கிட்ட பூங்குழலி. வந்தியத்தேவன் மடியிலயே உயிரை விட்ட மணிமேகலை. ஏன், குந்தவை - வந்தியத்தேவன் கல்யாணம்கூட கதைக்குள்ள நடக்காது. எல்லாமே கணக்குத் தீராத ஆளுங்க. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா க்ளோஸ் ஆகாத டிக்கெட். அழகுக்கும் காதல் தோல்விக்கும் இதுல வேலையே இல்லை. ஆசிரியர் எங்க வாயை மூடிக்கிட்டாரோ, வாசகன் அங்கதான் வாயைத் திறப்பான்.

எங்க ஊர்ப்பக்கம் வந்தா நேர்லயே காட்டறேன். நந்தினி பழுவூர் இளையராணி இல்லையா? அந்தப் பழுவூர் இப்போ அரியலூர் மாவட்டத்துல இருக்கு. கீழையூர் இரட்டைக் கோயில்ல பழுவேட்டரையர் கல்வெட்டு இருக்கு. ஆனா எவ்ளோ தேடினாலும் நந்தினி கிடைக்க மாட்டா. அவ முழுக்க கல்கியோட கற்பனை.

அதாவது கல்கி செஞ்சதும் இதே வேலைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையோட கணவர்னு வந்தியத்தேவன் பேரு வருது. அந்த ஒத்தைப் பேரைப் பிடிச்சு அஞ்சு பாகத்துக்கு ஹீரோ ஆக்கினார். உடையார்குடி கல்வெட்டு கரிகாலனைக் கொன்ன சகோதரர்கள் பேரைச் சொல்லுது. கொலை எதுக்குன்னு சொல்லலை. அந்த இடைவெளியில கொண்டுபோய் நந்தினியை நிறுத்தினார். கல்லு விட்ட இடத்துல கல்கி எழுதினா இலக்கியம், கல்கி விட்ட இடத்துல இன்னொருத்தி எழுதினா கிறுக்கலா?

விக்கிரமன் பொன்னியின் செல்வனோட தொடர்ச்சியா 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதை சரித்திர நாவல்னு அலமாரியில அடுக்கி வெச்சிருக்கோம். அதையே புனைப்பேர்ல ஒரு பொண்ணு செல்போன்ல தட்டினா மட்டும் நக்கல். என்ன நியாயம் சார் இது?

எழுத்து மோசமா இருந்தா தாராளமா கிழிங்க. நிறைய மோசமாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். சோழர் காலத்துல தக்காளி ரசம் வெச்சா கேள்வி கேளுங்க. ஆனா "நந்தினியை ஏன் உனக்குப் பிடிச்சது"ன்னு கேலி பண்ணாதீங்க. ஒரு நக்கல் பின்னூட்டம் போதும், பத்தாவது அத்தியாயத்தோட அவ எழுதறதையே நிறுத்திடுவா. நாமளும் முதல் பதிவு போட்ட அன்னிக்கு என்ன பெரிய புதுமைப்பித்தனாவா இருந்தோம்?

டிஸ்கி: நான் பெரம்பலூர்க்காரன். 2007ல மாவட்டத்தைப் பிரிச்சு பழுவூரை அரியலூருக்குக் குடுத்துட்டாங்க. வானதி கட்சிக்காரங்களுக்கு அவங்க மகன் கட்டின கங்கைகொண்ட சோழபுரமே இருக்கு. எங்க நந்தினிக்கு ஒரு செங்கல்கூட இல்லை. அவளுக்குன்னு நாலு கதையாவது இருந்துட்டுப் போகட்டுமே!