திண்ணைப் பேச்சுக்கு மெமோவா?

சேலத்துக்கும் மொரப்பூருக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிறது பொம்மிடி. காலையில் சேலம் வண்டிக்காக அங்கே பிளாட்பாரத்தில் நிற்கும் உத்தியோகஸ்தர்களின் பேச்சைச் சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். ஆண்களானாலும் பெண்களானாலும் பாதிப் பேச்சு மேலதிகாரியைப் பற்றித்தான் இருக்கும். லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கும் மேலதிகாரி. ஐந்து மணிக்கு மேல் புதுக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும் மேலதிகாரி. வண்டி வந்ததும் பேச்சு காற்றோடு போய்விடும். மிச்சம் மீதி இருந்தால் இரவு சாப்பாட்டின்போது வீட்டில் கொட்டித் தீர்ப்பார்கள். இதற்காக யாருக்காவது மெமோ வந்ததுண்டா?

இப்போது வருகிறது! காரணம், திண்ணைப் பேச்சு வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டது. வாயால் சொன்னதை மறுநாள் யாரும் எடுத்துக் காட்ட முடியாது. விரலால் தட்டியதோ தேதியும் மணியும் போட்டு அப்படியே நிற்கிறது.

நம் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியில் நடந்த சமாசாரத்தைச் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்துக் கிளை ஒன்றில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர், தொழிற்சங்கக்காரரும் கூட. சக ஊழியர்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் முடிவுகளைக் குறைகூறி எழுதினார். விஷயம் எப்படியோ மேலிடத்துக்கு எட்டியது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்.

2023-ல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அந்தக் குறிப்பாணையை ரத்துச் செய்தார். எந்த ஸ்தாபனத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும். அதைத் தங்களுக்குள் கொட்டிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்பது அவருடைய கருத்து. பேச்சு அந்தரங்கமாக இருக்கும் வரையில் நிர்வாகம் அதில் மூக்கை நுழைக்கலாகாது. சட்ட விரோதமான காரியம் நடந்தால்தான் சங்கதி வேறு.

'அப்படியானால் கவலை இல்லை' என்று உடனே நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள்! நண்பர்கள் குழு வேறு, ஊரே பார்க்கும் ஃபேஸ்புக் பக்கம் வேறு. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 1964-ல் வந்த விதிகள். நம் மாநில ஊழியர்களுக்கு 1973-ல் வந்தவை. அரசின் கொள்கையைப் பகிரங்கமாகக் குறை சொல்வதற்கு இவற்றில் தடை இருக்கிறது. ஃபேஸ்புக் என்பதே இல்லாத காலத்தில் எழுதிய விதிகள்தாம். ஆனாலும் இன்றைக்கும் அவை உயிரோடு இருக்கின்றன.

விதி இருக்கிறது என்பதற்காக உத்தியோகஸ்தர் ஊமையாகிவிட வேண்டுமா? திரிபுராவில் மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அரசியல் கூட்டத்துக்குப் போனார், ஃபேஸ்புக்கில் அரசியல் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. 2018 ஏப்ரல் கடைசியில் அவர் ஓய்வு பெற வேண்டும். அதற்குச் சில நாட்களே இருக்கையில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்! ஆயுள் முழுவதும் உழைத்ததன் பலனைக் கையில் வாங்கப்போகும் நேரத்தில் இப்படி நடந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் திரிபுரா உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விதிகளின் எல்லையை மீறாத வரையில் அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என்று சொல்லியது. நியாயம் கிடைத்தது, சரி. நடுவில் ஓடிப்போன ஒன்றரை வருஷத்துக்கு மேலான காலத்தை யார் திருப்பித் தருவார்கள்?

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் மகளுக்கு இந்தப் பாதுகாப்பும் குறைவு. அரசியல் சாசனம் தரும் பேச்சுரிமை முக்கியமாக அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. கம்பெனி முதலாளியிடம் அதை நீட்டிக் காட்ட முடியாது. அங்கே நியமன உத்தரவில் உள்ள நிபந்தனைகளும் தொழிலாளர் சட்டமுந்தான் துணை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் காகிதங்களை அவள் ஒருமுறையாவது படித்துப் பார்க்கட்டும்.

ஒருவேளை மெமோ வந்தே விட்டால்? பதறிப்போய் எழுதியதையெல்லாம் அழிக்க வேண்டாம். எதையோ மறைப்பதாகத்தான் அது தோன்றும். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்கி, குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும். சங்கம் இருந்தால் சங்கத்தை, இல்லாவிட்டால் ஒரு வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது. அரசு வேலையில் சஸ்பென்ஷன் என்பதே தண்டனை ஆகிவிடாது. விசாரணை முடியும் வரை பிழைப்பூதியம் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் 'உனக்கு ஏன் இந்த வம்பு?' என்று அந்தச் சமயம் பார்த்துக் குத்திக் காட்டாமல் இருந்தால் அதுவே பாதி பலம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதுவது குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்படி பூட்டி அனுப்பப்படுகிறது. வெளியில் இருக்கும் மேலதிகாரி அதைத் தானாகப் படிக்க முடியாது. அப்படியானால் அவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? கூடவே உட்கார்ந்து 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிய யாரோ ஒருவர்தானே! அந்தக் காலத்தில் இதற்குக் கோள் சொல்வது என்று பெயர். இப்போது ஸ்கிரீன்ஷாட் என்று நாகரிகமான பெயர் வைத்திருக்கிறோம். கோள் சொல்பவரையாவது 'இல்லாததைச் சொல்கிறார்' என்று மறுத்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டை எப்படி மறுப்பது?

உத்தியோகக் குழு போகட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, பள்ளிக்கூடத் தாய்மார் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று நம் ஒவ்வொருவர் கையிலும் பத்துக் குழுக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு டீச்சரம்மா அலுத்துப்போய் நாலு வார்த்தை எழுதியிருப்பார். ஒரு நர்ஸ் இரவு டியூட்டியைப் பற்றிப் புலம்பியிருப்பார். உங்களை நம்பித்தான் எழுதினார். அதைப் படித்ததும் வேறொருவருக்கு அனுப்ப விரல் துடிக்கும். அப்போது, அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளமும், அதை நம்பி ஒரு வீட்டில் எரியும் அடுப்பும் இருக்கின்றன என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.