நாணயத்தின் நாணயம்

நூல்கள் பொய்ப்பினும் நாணயங்கள் பொய்யா என்று சரித்திரம் பயில்வோர் சிலர் கூறுவதுண்டு. யாம் அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

ரோம சக்கரவர்த்தி வெஸ்பாசியனின் மகன் தீத்து கி.பி. 70-இல் எருசலேமைப் பிடித்தான், தேவாலயம் தீக்கிரையாயிற்று. அவ்வெற்றியின் ஞாபகார்த்தமாகச் சக்கரவர்த்தி பொன், வெள்ளி, வெண்கலக் காசுகளை வெளியிட்டான். அவற்றுட் பலவற்றில் ஒருபுறம் அவன் தலை. மறுபுறம் பேரீச்சமரம், அதனடியில் துயருற்று அமர்ந்த ஒரு ஸ்திரீ. 'யூதேயா பிடிபட்டது' என்பது லத்தீன் வாசகம்.

இவ்வாசகம் மெய்யோ? யூதேயா கி.பி. 6-லேயே ரோமர் ஆட்சிக்குட்பட்ட நாடன்றோ! கி.பி. 66-இல் எழுந்த கலகத்தை அடக்கியதே நடந்தது. கைவசமிருந்ததையே கைப்பற்றியதாகப் பொறிக்கக் காரணம் என்னை? கி.பி. 69-இல் ரோமர் தம்முட் போரிட, ஓராண்டிற்குள் நால்வர் ஆண்டனர்; நான்காமவனே வெஸ்பாசியன். சொந்த ஜனங்களின் இரத்தத்தால் வந்த பதவியைப் பாராட்டிக்கொள்ளுதல் இயலாது. அந்நியரை வென்றானென்னும் கீர்த்தியே அவனுக்கு வேண்டியிருந்தது.

கி.பி. 132 முதல் 135 வரை யூதர் மீண்டும் போராடியபோது, ரோமக் காசுகளின்மேலேயே தங்கள் விடுதலை வாசகங்களை அச்சடித்தனர். சிலவற்றில் அடியிலுள்ள பழைய முத்திரை இன்றும் மங்கலாகத் தெரிகின்றது. ஒரே உலோகம் இரு கட்சியார்க்கும் வாயாயிற்று.

ஆகவே மாணாக்கரே, காசு நீதிபதியன்று. வழக்கில் ஒரு கட்சியின் சாட்சியே. சாட்சியைத் தள்ளவேண்டா, குறுக்கு விசாரணை செய்க. அச்சிட்டவன் யார், எவர் பொருட்டு அச்சிட்டான், எதனை மறைத்தான் என்று வினவாதவரையில் நாணயத்தின் நாணயத்தை நாம் அறியோம்.