‘விலைக்கு இன்பொக்ஸ்’ என்பதும் ஒரு டிசைன்தான்

பேஸ்புக்கில் ஒரு சாறிப் படம். கீழே முப்பது பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: “விலை என்ன?” முப்பது பேருக்கும் ஒரே பதில்: “இன்பொக்ஸ் பாருங்கோ.” அந்த முப்பது பேருக்கும் இன்பொக்ஸில் ஒரே விலைதான் போனதா என்பது விற்றவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்கிறவரின் புரொபைலைத் திறந்து, ஆள் எங்கே இருக்கிறார் எண்டு பார்த்த பிறகுதான் விலை வரும் என்று எங்கட பட்ச்சுக்குள் ஒரு பகிடி உண்டு. கனடா எண்டால் ஒரு விலை, கரவெட்டி எண்டால் இன்னொரு விலை.

இதை வியாபாரத் தந்திரம் என்று சொல்லி விட்டுவிடலாம். எங்களுக்கு இது பக்க வடிவமைப்பு சம்பந்தப்பட்ட விஷயமாகவும் படுகிறது. கடைக்குப் போகாமல், பொருளைத் தொடாமல், படத்தைப் பார்த்து ஓடர் பண்ணி, தபாலிலோ கூரியரிலோ எடுக்கிற வியாபாரத்தில் அந்தப் பக்கம்தான் கடை. அதில் எதைப் பெரிசாகப் போடுவது, எதைச் சின்னதாகப் போடுவது, எதைப் போடாமலே விடுவது என்பதை வெறும் அழகு சம்பந்தமான முடிவு என்று நாங்கள் நினைக்கவில்லை. வாங்குகிறவரை எவ்வளவு மதிக்கிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடுகிறது.

நாங்கள் ஏதோ நல்ல பிள்ளைகள் மாதிரி இதை எழுதவும் ஏலாது. இதே பிழையை நாங்களும் விட்டோம்.

போன வருஷம், வடமராட்சிப் பக்கம் பனையோலை வேலை செய்கிற நாலைந்து அம்மாமாருக்கு ஒரு கற்றலொக் செய்து கொடுத்தோம். பன்னிரண்டு பக்கம். கொமன் ரூமில் இருந்து இரண்டு கிழமை மினக்கெட்டோம். கடும் மண்ணிறப் பின்னணி, அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரேயொரு படம், மிச்சமெல்லாம் வெறும் இடம். வெளிநாட்டு டிசைன் பக்கங்களில் பார்த்த ஸ்டைல். கடகத்தை ஒரு கல் மதிலில் வைத்து, வெயில் சரிகிற நேரமாகப் பார்த்துப் படம் எடுத்தோம். பெயர்கள் எல்லாம் இங்கிலிஷில். விலை போட்டால் பக்கத்தின் வடிவு கெட்டுவிடும் என்று எங்களில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம். கடைசிப் பக்கத்தில் ஒரு வட்ஸ்அப் இலக்கம், “விலை விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்.”

எல்லாரும் பகிர்ந்தார்கள், எல்லாரும் இதயம் போட்டார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு போனால், அந்த இலக்கத்துக்குரிய அம்மா போனை எங்களிடம் நீட்டினார். நூற்றுக்கு மேல் வொய்ஸ் மெசேஜ். எல்லாம் கேள்வி. பெட்டி எவ்வளவு பெரிசு? மூடி இருக்கா? நீத்துப்பெட்டியில எத்தினை சுண்டு மா அவிக்கலாம்? சாயம் போகுமா? விலை என்ன?

“பிள்ளையள், படம் எல்லாம் நல்ல வடிவு. ஆனா இதைப் பாத்து ஆரும் வாங்கேல்ல, கேக்கினம். நான் பதில் சொல்லுறதோ, ஓலை பின்னுறதோ?”

வாங்கின ஒன்றிரண்டு பேரில் ஒருவர், படத்தைப் பார்த்துப் பெரிய பெட்டி என்று நினைத்து எடுத்திருக்கிறார். போனது உள்ளங்கை அளவுப் பெட்டி. அவரில் பிழை சொல்ல ஏலாது. நாங்கள் எடுத்த படத்தில் அளவு தெரிய ஒன்றுமே இல்லை, பின்னால் வெறும் வானம். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். போகவர கூரியர்க் காசு அம்மாவின் தலையில். எங்கட டிசைனுக்கு அவர் கட்டின காசு அது.

அதுக்குப் பிறகுதான், இந்த வியாபாரத்தை முதலில் பெரிசாகச் செய்தவர்கள் பக்கத்தை எப்படிப் போட்டார்கள் என்று தேடத் தொடங்கினோம். அமெரிக்காவில் மொன்ற்கோமரி வார்ட் 1872இல் வெளியிட்ட முதல் கற்றலொக் ஒரேயொரு தாள். 163 பொருட்களும் அவற்றின் விலைகளும், அவ்வளவுதான். ‘பிடிக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவோம்’ என்ற உறுதிமொழியை அவர்கள் 1875இல் சேர்த்தார்கள். பிறகு வந்தது சியர்ஸ் ரோபக். 1895இல் அவர்களின் கற்றலொக் 532 பக்கம். இன்றைய கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் அலங்கோலம். எறும்பு மாதிரி எழுத்து, கோட்டுப் படங்கள், மூச்சு விட இடமில்லை. எங்கட விரிவுரை மண்டபத்தில் இதை ஸ்லைட்டாகப் போட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு இலக்கம், பெயர், எதால் செய்தது, அளவு, நிறை, விலை. உடுப்பு என்றால் உடம்பை எப்படி அளந்து எழுதி அனுப்ப வேண்டும் என்ற விளக்கம். ஓடர் எழுதத் தாள். ஆங்கிலம் எழுதத் தெரியாதவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று சொல்லி, ஜேர்மன், சுவீடிஷ் மொழிகளிலும் ஓடர் செய்கிற முறையை அச்சிட்டிருந்தார்கள். 1905 அளவில் சுவர்த்தாள் மாதிரிகளையும் சூட் துணித் துண்டுகளையுமே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கட்டும் என்று. பல நூறு மைல் தள்ளி, ஒரு பண்ணை வீட்டில், கேள்வி கேட்க ஆளில்லாமல் இருக்கிற ஒருவருக்கு என்னென்ன சந்தேகம் வரும் என்று ஆரோ இருந்து யோசித்திருக்கிறார்கள். அந்த நெரிசலுக்கு அதுதான் காரணம். இன்னொன்றும் சொல்லுவார்கள்: வார்டின் புத்தகத்தைவிடச் சியர்ஸ் தன் புத்தகத்தைக் கொஞ்சம் சின்னதாக அச்சிட்டதாம். வீட்டுக்காரர் இரண்டையும் அடுக்கும்போது சின்னது மேலே வரும் என்ற கணக்கு. பக்க அளவும் டிசைன் என்பதுக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களை ஆகவும் யோசிக்க வைத்தது விலைதான். அமெரிக்கத் தெற்கில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில், ஊர்க் கடைக்குப் போகிற கறுப்பின மக்கள் வெள்ளையர்கள் எல்லாரும் வாங்கி முடியும்வரை காத்து நிற்க வேண்டும். கடன் கொடுக்கிறதும் பெரும்பாலும் அதே கடைக்காரர்தான். எதை வாங்கலாம், என்ன தரத்தில் வாங்கலாம், என்ன விலைக்கு வாங்கலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். தபாலில் வருகிற கற்றலொக்குக்கு வாங்குகிறவரின் முகம் தெரியாது. அதில் அச்சிட்ட விலை எல்லாருக்கும் ஒரே விலை. வரலாற்றாசிரியர் லூயிஸ் ஹைமன் 2018இல் இதைப் பற்றி எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. ஊர்க் கடைக்காரர்கள் சிலர் கற்றலொக்குகளைச் சேர்த்துக் கொளுத்தவும் செய்திருக்கிறார்கள். சியர்ஸ் ஒன்றும் சமூக நீதிக்காகக் கடை திறக்கவில்லை, காசுக்குத்தான். எண்டாலும் படத்துக்குப் பக்கத்தில் விலையை அச்சிட்ட அந்தச் சின்ன வேலை, ஆளைப் பார்த்து விலை சொல்லுகிற பழக்கத்துக்குக் குறுக்கே நின்றது.

இப்ப திரும்பவும் எங்கட ‘இன்பொக்ஸ் பாருங்கோ’வை வாசித்துப் பாருங்கள். தபால் வியாபாரம் ஒளித்து வைத்த முகத்தைத் திரும்பக் கூப்பிட்டு, “முதலில் நீ ஆர் எண்டு காட்டு” என்று கேட்கிற டிசைன் அது. இலங்கையில் கடை வைத்திருப்பவர் வியாபார இடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விலைகளைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. போன் திரைதான் வியாபார இடம் என்றால் அங்கேயும் அதே மரியாதையை எதிர்பார்க்கிறதில் என்ன பிழை?

விலை வடிவைக் கெடுக்கும் என்ற வாதத்தை நாங்களே வைத்தவர்கள் என்பதால் அதுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐக்கியாவின் பழைய கற்றலொக்குகளைப் பாருங்கள் (எழுபது வருஷம் வெளியிட்டுவிட்டு, நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள்). முழுப் பக்கத்துக்கு ஒரு அறையின் படம், வெளிச்சம், திரைச்சேலை, எல்லாம் கனவு மாதிரி. ஆனால் கதிரைக்குப் பக்கத்திலேயே கதிரையின் பெயரும் விலையும் இருக்கும். வடிவாகவும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. எங்களுக்கு வேலை செய்யப் பஞ்சி, அவ்வளவுதான்.

கற்றலொக் தொழிலில் சதுர அங்குலக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடித்தது, அந்த இடம் எவ்வளவு விற்பனை தந்தது என்று பிரித்துப் பார்த்து, அடுத்த பதிப்பில் நல்லா விற்றதுக்கு இடத்தைக் கூட்டி, விற்காததைக் குறைப்பார்கள் அல்லது தூக்குவார்கள். முன் அட்டை, பின் அட்டை, அட்டையைத் திறந்தவுடன் வருகிற இரண்டு பக்கம் ஆகியவை விலை கூடின காணி மாதிரி. கணக்குச் சரி. அதை அப்படியே எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கில் போனால் பனையோலைப் பிளா முதல் பதிப்போடேயே போய்விடும். வீட்டில் இப்ப அதை ஆர் பாவிக்கினம்? அதைப் பின்னத் தெரிந்தவர் அந்தக் குழுவில் ஒரே ஒருவர். ஆகவே அது கடைசிப் பக்கத்தில் சின்னதாக இருக்கட்டும் என்று விட்டோம். இது வியாபார முடிவு இல்லை என்று தெரியும்.

இரண்டாம் தரம் செய்தபோது முதலில் போனது அந்தக் கடும் மண்ணிறப் பின்னணி. மெல்லிய வெள்ளைத் தமிழ் எழுத்து போன் வெளிச்சத்தில், அதுவும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கண்ணுக்கு, வாசிக்க முடியாதது. தமிழுக்கென்று வேறு சில கணக்குகளும் உண்டு. ஒரே விஷயம் இங்கிலிஷைவிடத் தமிழில் கூட இடம் பிடிக்கும். இங்கிலிஷுக்குப் போட்ட ஒடுங்கிய பெட்டிக்குள் ‘நீத்துப்பெட்டி’ இரண்டாக உடைந்து தொங்கும். கி, கு, ழு என்று மேலேயும் கீழேயும் நீளுகிற எழுத்துகளுக்கு வரிக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். தடித்த எழுத்தைச் சின்ன அளவில் போட்டால் சுழிகள் அடைபட்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். பாமினியில் அடித்தால் பார்க்கத் தமிழ்தான், ஆனால் போனில் ‘கடகம்’ என்று தேடினால் கிடைக்காது, ஏனெண்டால் உள்ளே இருக்கிறது வேறு எழுத்து. யுனிகோட்டில் திரும்ப முழுவதையும் அடித்தோம். பெயர்களைத் தமிழில் பெரிசாகவும் இங்கிலிஷில் சின்னதாகவும் போட்டோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறி கொடுத்தோம்: கடகம் க1, க2, பெட்டி பெ1, பெ2. வாங்குகிறவர் “க2, மூன்று” என்று அனுப்பினால் போதும், அம்மாவுக்கு வொய்ஸ் மெசேஜ் கேட்கத் தேவையில்லை. படத்துக்குக் கீழேயே பெயர், சென்ரிமீற்றரில் அளவு, விலை. சின்னப் பெட்டியை ஒரு கையில் வைத்துப் படம் எடுத்தோம். நீத்துப்பெட்டிக்கு எத்தினை சுண்டு என்று எழுதினோம். அந்தத் தகவலுக்கு எந்த வெளிநாட்டு டிசைன் பக்கத்திலும் உதாரணம் கிடைக்காது.

விலை போடுவதுக்கு அம்மாமார் உடனே சம்மதிக்கவில்லை. அவர்களின் பயங்கள் நியாயமானவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டின நாடு இது. இன்று அச்சிட்ட விலை நாளைக்கு நட்டமாகலாம். அதுக்கு விலைக்குக் கீழே ‘இந்த விலை இந்தத் திகதி வரை’ என்று போட்டோம். அடுத்த பயம்தான் கஷ்டமானது. “விலையை எழுதினா அங்கயிருந்துதான் குறைக்கச் சொல்லிக் கேப்பினம். ஓலைக்குத்தானே இவ்வளவு எண்டும் சொல்லுவினம்.” இன்பொக்ஸில் என்றால் ஆளைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்பது அவரின் வாதம். ஒளித்து வைக்கிற விலை எப்பவும் ஏமாற்று இல்லை, சில நேரம் அது பலவீனமானவரின் பாதுகாப்பு என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் யோசித்தோம்.

கனநேரம் கதைத்த பிறகு, விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தோம்: ‘பின்ன இரண்டு நாள்.’ ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து எடுக்கிற நாட்கள் அதில் இல்லை, அதையும் சேர்க்கச் சொல்லி ஒரு அம்மா இப்பவும் எங்களோட கோபம். கூரியர்க் காசை விலைக்குள் அடக்குவதா தனியாகப் போடுவதா என்பதும் முடியவில்லை. தனியாகப் போட்டால் தூர இடத்துக்காரர் பின்வாங்குகிறார்கள், அடக்கினால் பக்கத்து ஊர்க்காரர் தேவையில்லாமல் கட்டுகிறார். போன ஞாயிறும் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.