தாத்தாவின் உயிலுக்கு ஒரு ஸ்கேன் போதுமா?

மாணவர்களே, 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒரு யோசனையை வெளியிட்டது. 1858 முதல் சேர்ந்துள்ள உயில்களைக் காகிதமாகவே காத்துவர ஆண்டுக்கு ஏறக்குறைய 4.5 மில்லியன் பவுண்டு செலவாகிறதாம். எனவே அவற்றை ஸ்கேன் செய்துவிட்டு, 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூலத்தாள்களை அழித்துவிடலாம். இளவரசி டயானா போன்ற புகழ்பெற்றவர்களின் உயில்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த யோசனை. வரலாற்று ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தனர்.

இதற்கும் சுங்கைப் பட்டாணிக்கும் என்ன தொடர்பு?

நம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. ஒருவர் இறந்து, அவர் விட்டுச் சென்ற துண்டு நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றக் குடும்பம் நீதிமன்றத்துக்கோ நில அலுவலகத்துக்கோ போனபோதுதான் ஒரு கோப்பு பிறந்தது. இறந்த தேதி, வாரிசுகளின் பெயர், சொத்து, கடன், தமிழில் போட்ட கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை எல்லாம் அதில் இருக்கும். சில குடும்பங்களுக்கு அதுவே ஒரே வரலாற்று நூல்.

அந்த நூலை நம் தட்பவெப்பம் மெல்லத் தின்கிறது. காகிதம் செல்லுலோஸ் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. மரக்கூழோடு படிகாரம் சேர்த்துச் செய்த பழைய தாள்களில் அமிலம் தங்கியிருக்கும். அமிலமும் ஈரமும் சேர்ந்து அந்தச் சங்கிலியை அறுக்கும். தாள் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் நாட்டிலோ அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கிறது.

ஆகவே ஸ்கேன் செய்வது அவசியம், அதுவும் உடனடியாக. ஆனால், மூலத்தை அழிக்கலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரணம் அறிவியலே. குழந்தைகளுக்கு உரைமருந்தாகப் பாட்டிமார் உரைக்கும் மாசிக்காயையும் அன்னபேதி எனும் இரும்புச் சல்பேட்டையும் கலந்துதான் பழைய எழுத்து மை செய்தார்கள். அது மங்கிப்போனாலும் புறஊதா ஒளியில் பல வேளைகளில் மீண்டும் தெரியும். சாதாரண ஸ்கேன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே பதிவு செய்கிறது. தாளை அழித்துவிட்டால், மறைந்த எழுத்தை நாளைய கருவியாலும் மீட்க முடியாது.

கெடா சுல்தான் அப்துல் ஹமீட்டின் 1882 முதல் 1943 வரையிலான கடிதத் தொகுப்பு, 2001ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமை. அரண்மனைக் கடிதத்துக்குக் கிடைத்த அக்கறை தோட்டத்துப் பெருவிரல் ரேகைக்கும் கிடைக்க வேண்டும். பழைய வாரிசுக் கோப்புகளைப் படம் பிடித்து, பெயர்ப்பட்டியல் தயாரித்து, மூலத்தையும் காக்க வேண்டும். பட்டியல் இல்லாத கோப்பு, இருந்தும் இல்லாததே. நம் பெயர்களைக் குமாஸ்தாக்கள் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதால், தமிழ் தெரிந்த உங்களைப் போன்றவர்களின் உதவி அதற்குத் தேவைப்படும்.

அதுவரை வீட்டிலிருந்தே தொடங்கலாம். பழைய பிறப்புப் பத்திரம், நிலப் பட்டா, உயில் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, தாளை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதில் உள்ள பெயர்கள் யாருடையவை என்று பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

டயானாவின் உயிலைப் பாதுகாக்க உலகமே இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் உயிலுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.