டீவி ஹோலிலேயே இருக்கட்டும்



போன சனிக்கிழமை இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஹோலில் டீவி ஓடுது, பார்க்க ஒருத்தரும் இல்லை. மாமி அறைக்குள்ள போனில் நாடகம் பார்க்கிறா. மனைவி குசினியில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சமையல் வீடியோ. தரம் 4 படிக்கிற மகன் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில இருந்து, யாரோ ஒருத்தன் கேம் விளையாடுவதைப் பார்க்கிறான். கவனிங்க, இவன் விளையாடவும் இல்லை. இரண்டரை வயது மகள் வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமல் கார்ட்டூன். "எல்லாரும் எங்க?" என்று கேட்டேன். நாலு பக்கத்திலிருந்தும் "இஞ்சதான்" என்று பதில் வந்தது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீங்க? கதிரையில் சாய்ந்து பேஸ்புக்கைத் திறந்தேன்.

அதனால் இது "போன் கெட்டது, பிள்ளைகள் கெட்டுப்போச்சு" என்ற பயான் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நான் சொல்ல வந்தது கொஞ்சம் வேற. சிலருக்குப் பிடிக்காது. எங்கட பிள்ளைகளின் சனி ஞாயிறைக் கெடுத்தது டீவி இல்லை, போனும் முதலாவது குற்றவாளி இல்லை. நாங்கதான். வாத்தியார்மாரையும் சேர்த்தே சொல்றேன்.

முதலில் டீவியைப் பற்றி. எங்கட ஊர்களில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டீவி வீட்டுக்குள் வருவதே ஒரு வழக்கு. "சைத்தானை ஹோலில் வைக்கப் போறியா?" என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். எங்கட வாப்பாவும் அந்தக் கட்சிதான். ஆனால் 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எனக்கு ஏழு வயது. இருட்டினால் வெளியில் இறங்கப் பயந்த காலம் அது. அடுத்த வளவில் கார் பெட்டரியில் ஓடுகிற ஒரு கறுப்பு வெள்ளை டீவி. வாப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலிக் கடப்பால் போனார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்தார், மூன்று விக்கெட்டும் அவர்தான் எடுத்தார். இதெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு நேரடியாக ஞாபகம் இருப்பது வேற: படம் புள்ளி புள்ளியாகப் போகும்போதெல்லாம் ஒரு காக்கா தென்னையில் கட்டின அன்டனாவைத் திருப்பப் போறதும், உள்ளே இருந்து பத்துப் பேர் "ஆ, அப்படியே, அப்படியே!" என்று கத்துறதும், வாப்பா வாய்விட்டுச் சிரித்ததும். வாப்பா அப்படிச் சிரித்து அதற்கு முதல் நான் கண்டதில்லை.

அந்த டீவியில் ஒரு ஒழுங்கு இருந்தது. எது ஓடினாலும் மூத்தம்மாவும் பார்க்கிறா, பிள்ளையும் பார்க்குது. கூடாத காட்சி வந்தால் யாராவது எழும்பி நிற்பாட்டுவாங்க. செய்தி ஓடினால் பெரியவர்கள் வாதாடுவாங்க, அதில்தான் நாங்க நாட்டு நடப்பைப் படித்தோம். இன்றைக்குச் சில வீடுகளில் பெருமையாகச் சொல்றாங்க: "எங்கட வீட்டில டீவியே இல்ல சேர்." மாஷா அல்லாஹ். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் கதைக்கிற கதையைக் கேட்டால் அவன் கையில் என்ன இருக்கு என்று எனக்கு விளங்கும். நாலு பேர் கண்ணுக்கு முன்னால் இருந்த பெட்டியை வெளியில் போட்டுவிட்டு, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாத பெட்டியைப் பிள்ளையின் போர்வைக்குள் கொடுத்திருக்கிறோம்.

ஒரு பெருநாள் தினத்தில் மஸ்ஜிதில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரழி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் பின்னால் நின்று, தனக்குப் போதும் என்று ஆகும் வரை பார்த்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இதை வைத்துச் சினிமாவுக்குப் பத்வா கொடுக்க நான் வரவில்லை, மௌலவிமார் கோபிக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது, அவசரப்படுத்தாமல் கூட நின்றதுதான். மருத்துவர்கள் சொல்றதும் அந்தப் பக்கம்தான் வருது. இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016 இலேயே அந்த ஒரு மணித்தியாலத்தையும் பெற்றோர் பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்க என்று சொல்லிவிட்டது. என் மகள் சோறு தின்னும்போது பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. அங்கே பக்கத்தில் இருப்பது ஊட்டுகிற கை மட்டும்தான்.

இனி அடுத்த விசயம். மகனை ஏசலாம் என்று அன்றைக்கு இரவு கூப்பிட்டேன். "வாப்பா, எனக்கு ஒன்பது மணிக்குத்தானே லீவு கிடைச்ச" என்றான். அடுத்த நாள் ஒரு தாளில் அவனுடைய சனி ஞாயிறை எழுதிப் பார்த்தேன். சனி காலை ஏழு மணிக்குக் கணிதம். பத்து மணிக்கு ஆங்கிலம். பின்னேரம் புலமைப்பரிசில் வினாத்தாள். ஞாயிறு காலை தமிழும் சுற்றாடலும். அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா. இடையில் கிடைப்பது இருபது நிமிசம், முப்பது நிமிசம்.

இருபது நிமிசத்தில் ஒரு பிள்ளை என்ன செய்யும்? ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்டில் போட முடியாது. மீன் கடிக்கவே ஒரு மணித்தியாலம் ஆகும். கிரிக்கெட் விளையாட ஆள் சேராது, மற்றப் பிள்ளைகளின் இருபது நிமிசம் வேற நேரத்தில் வருது. மூத்தம்மாவிடம் ஒரு கதை கேட்டால் பாதியில் வேன் வந்து ஹோர்ன் அடிக்கும். இருபது நிமிசத் துண்டுக்குச் சரியான அளவில் வெட்டித் தைத்த ஒரே சாமான் போன்தான். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டினது நாங்க. அந்தத் துண்டில் எது பொருந்துமோ அதைப் பிள்ளை எடுக்குது.

புலமைப்பரிசிலை நான் குறை சொல்லவில்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப் பணமும் கிடைக்க அது ஒரு வழி. ஆனால் வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் வருவது சிறு பகுதிதான். மற்றப் பிள்ளைகள் பத்து வயதிலேயே தோற்றவர்கள் என்ற எண்ணத்தோடு தரம் 6 க்கு வருகிறார்கள். 2024 செப்டம்பர் 15 பரீட்சையின் முதல் தாள் வினாக்கள் முன்கூட்டியே வெளியானதும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதும் எல்லாருக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளையின் வினாத்தாளுக்கு உயர் நீதிமன்றம்! அந்தப் பரீட்சை நடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று சொல்கிற சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை ஏற்றது 1991 இல். நான் பிறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு.

துண்டாகாத நேரம் என்றால் என்ன என்று எங்களுக்கு ஒரு தடவை வலுக்கட்டாயமாகக் காட்டப்பட்டது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பால்மாவுக்கு வரிசையில் நின்றவன் நான். ஆனால் ஒரு இரவு போன்கள் எல்லாம் சார்ஜ் இறங்கி, வெக்கை தாங்காமல் முற்றத்தில் பாய் விரித்து இருந்தபோது, மாமி 1978 நவம்பர் 23 சூறாவளிக் கதையைச் சொன்னா. அன்றைக்கு இரவு கூரை போனது, ஒரு கட்டிலுக்குக் கீழ் ஏழு பேர் கிடந்தது, விடிய எழும்பிப் பார்த்தால் நிமிர்ந்து நிற்கிற தென்னை ஒன்றும் இல்லாமல் ஊர் வெட்டை வெளியாகத் தெரிந்தது. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருடம், எனக்கே அந்தக் கதை தெரியாது. மகனுக்கு அப்போது ஆறு வயது. "கட்டிலுக்குக் கீழ உங்களோட யார் யார்?" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டான். அதில் இரண்டு பேர் இப்போது மையவாடியில். கரண்ட் வந்ததும் எல்லாரும் உள்ளே ஓடினோம். சார்ஜர் தேடி முதலில் ஓடினது நான்.

இப்ப என்ட கணக்கைச் சொல்லாமல் மற்றவங்களைச் சொன்னால் நியாயமில்லை. ஞாயிறு வகுப்பு நடத்துறவங்களில் நானும் ஒருத்தன். தரம் 4, 5 பிள்ளைகள் முப்பத்தி நாலு பேர். சம்பளத்தில் கடன் கழித்து மிச்சத்தில் மாதம் ஓடாது, அந்த வகுப்புக் காசில்தான் வீடு ஓடுது. என்ட மகனின் ஞாயிறை வேறொரு வாத்தியார் எடுக்கிறார், அவருடைய பிள்ளையின் ஞாயிறை நான் எடுக்கிறேன். இரண்டு பேரும் பள்ளியில் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம்.

இரண்டு கிழமை மனைவியோடு கதைத்து முடிவெடுத்தோம். ஞாயிறு வகுப்பை நிற்பாட்டுகிறேன். அவ உடனே "சரி" என்று சொல்லவில்லை. பள்ளி வேன் காசு, மாமியின் மருந்து என்று கையில் எண்ணிக் காட்டினா. சனிக்கிழமை வகுப்பு இருக்கும், அதுவும் லுஹரோடு முடியும். மகனையும் ஞாயிறு வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். "தரம் 5 க்கு ஏறப் போற நேரத்தில உனக்கென்ன விசரா?" என்று மச்சான் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. புள்ளி குறையலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கு.

நேற்று முதல் ஞாயிறு. சுபஹுக்குப் பிறகு நானும் மகனும் ஆற்றங்கரைக்குப் போய் மூன்று மணித்தியாலம் இருந்தோம். மீன் ஒன்றும் படவில்லை, நுளம்புதான் கடித்தது. "வாப்பா, போவமா?" என்று நாலு தடவை கேட்டான், பிறகு கேட்கவில்லை. இரவு எல்லாப் போனையும் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு ஹோலில் டீவி போட்டோம். மாமிக்கு நாடகம் வேணும், மகனுக்கு மிருகங்கள் வேணும், மனைவிக்கு ஒன்றும் வேணாம், நித்திரை வேணும். சண்டை பிடித்துக் கடைசியில் முதலை பார்த்தோம். மாமி அதையும் நாடகம் மாதிரித்தான் பார்த்தா, மானுக்காக முதலையை ஏசினா.

ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பின பெற்றோருக்கு: முற்பணம் தந்தவர்கள் இந்தக் கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து மிச்சக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள் தாராளமாகச் சேருங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை. வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லம், அவர்களுடைய பயிற்சிக் கொப்பிகள் என்னிடம்தான் இருக்கு.